மலைக்குப் போற பஸ் எத்தனை மணிக்கு?

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளப் போய் தெப்பக்குளத்துச் சுவரோரம் ஸ்கூட்டியோடு சாய்ந்த அன்றோடு அந்தக் கதை முடிந்தது. மதினிக்கும் தெரியாது. ஆக, மதுரையைச் சுற்றியிருக்கிற மலைகளில் நாங்கள் இரண்டு பேரும் ஏறியது முழுக்க டவுன் பஸ்ஸை நம்பித்தான். கார் வைத்திருக்கிற சொந்தக்காரர்கள் இதைக் கேட்டு "ஐயோ பாவம்" என்கிறார்கள். பாவப்பட எதுவும் இல்லை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஆரம்பித்து வைத்தது மதினியின் சர்க்கரை. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். பார்க்கில் நாலு நாள் நடந்தார். ஐந்தாம் நாள், "செக்கு மாடு மாதிரி ஒரே எடத்தச் சுத்திக்கிட்டு என்னால முடியாது. எங்கிட்டாச்சும் போற மாதிரி நடந்தா நடக்குறேன்" என்று உட்கார்ந்துவிட்டார். அது 2021. மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆகியிருந்தது. கொரோனா அடங்கி, மழையும் ஓய்ந்த ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை, "மதினி, காசா பணமா, ஏறி உக்காருவோம் வாங்க" என்று கிளம்பினோம். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

வைகைக்கரை ஊர் என்று மதுரையைச் சொல்கிறோம். ஆனால் ஆற்றைவிட மலைதான் இந்த ஊரை அதிகம் சுற்றி நிற்கிறது. வடகிழக்கே யானைமலை, மேற்கே நாகமலை, தெற்கே பசுமலை. மதுரையை அழிக்கச் சமணர்கள் ஏவிவிட்ட யானையும் நாகமும் பசுவும் கல்லாகிப்போனதாகத் திருவிளையாடல் கதை. எதிரி ஏவிய மிருகம் மூன்றும் இன்றைக்கு டவுன் பஸ் ரூட்டிலேயே படுத்திருக்கின்றன. கதையில் வில்லனாக வருகிற சமணர்கள் உண்மையில் இந்த மலைகளில் என்ன விட்டுப் போனார்கள் என்று பார்க்கத்தான் நாங்கள் இப்போது ஏறிக்கொண்டிருக்கிறோம். அது வேறு வேடிக்கை.

யாரும் இதை 'ட்ரெக்கிங்' என்று நினைத்துக்கொண்டு வர வேண்டாம். கூடாரம் இல்லை, வழிகாட்டி இல்லை. பெரும்பாலும் மொட்டைப் பாறை. ஒன்று, ஒன்றரை மணி நேர ஏற்றம். காலை ஆறு மணி வண்டியைப் பிடித்தால் மதியச் சோற்றுக்கு வீடு. பெரியார் நிலையத்தில் ஒரு காபி, கழிப்பறை, பிறகு பஸ். கழிப்பறையை வேண்டுமென்றேதான் சேர்த்துச் சொல்கிறேன். மேலே எங்கும் கிடையாது. ஆண்கள் எழுதுகிற மலைப் பயணக் கட்டுரை எதிலும் இந்த ஒரு வரி இருப்பதில்லை.

இன்னொன்று, பஸ் நம்பரை மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள். ஒரே நம்பரில் வழி மாறும், பாதியில் திரும்பும். போர்டைப் படியுங்கள், படித்த பிறகும் கண்டக்டரிடம் ஒருமுறை கேளுங்கள். "மலைக்குப் போகுமா?" என்று கேட்டால் சிரிப்பார்கள். மலையடி ஊரின் பேரைச் சொல்லுங்கள்.

முதலில் போனது யானைமலை. மேலூர் ரோட்டில் ஒத்தக்கடை ஸ்டாப். திருச்சிப் பக்கம் போகிற தூரத்து வண்டிகள் அங்கே நிற்காது. டவுன் பஸ்தான் சரி. மாட்டுத்தாவணி தாண்டியதும் இடது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். தும்பிக்கையை நீட்டிப் படுத்த யானை அப்படியே தெரியும். ஒத்தக்கடையில் இறங்கி நரசிங்கம் ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் போல நடை. யானையின் வயிற்றோரமாகவே நடக்கிறோம் என்பது நடக்க நடக்கத்தான் உறைக்கும்.

அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரை. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி குடையத் தொடங்கி, முடிக்குமுன் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முடித்து வைத்தது, கி.பி. 770. கலியாண்டு 3871 என்று கல்வெட்டிலேயே கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் லாடன் கோயில் என்கிற சின்ன முருகன் குடைவரை. அதைத் தாண்டி மேலே ஏறினால் சமணப் படுக்கைகள். அங்கிருக்கிற தமிழி எழுத்தில் இந்த மலைக்குப் பெயர் 'இவகுன்றம்'. இவம் என்றால் இபம், யானைதான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் வந்தவர் கண்ணுக்கும் இது யானையாகத்தான் தெரிந்திருக்கிறது. மதினி அந்தப் படுக்கையில் உட்கார்ந்து, "தலகாணிகூட வெட்டி வச்சிருக்காக பாரு" என்றார். கல்லில் தலைமாட்டை மட்டும் கொஞ்சம் உயர்த்திச் செதுக்கியிருந்தது.

2010 வாக்கில் இந்த மலையை வெட்டிச் சிற்ப நகரம் ஆக்கலாம் என்று ஒரு யோசனை கிளம்பியது. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் திரண்டு நின்றார்கள், யோசனை கைவிடப்பட்டது. எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 'பசுமை நடை' என்று ஆட்களைச் சேர்த்து மலைகளுக்கு அழைத்துப் போக ஆரம்பித்ததும் அதே 2010இல்தான். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் கூடவே நின்று கல்வெட்டை வாசித்துக் காட்டுவார். முதல் தடவை போகிறவர்கள் அப்படி ஒரு கூட்டத்தோடு போவது நல்லது. கல்லில் இருப்பது கோடா எழுத்தா என்றே எனக்கெல்லாம் யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

திருப்பரங்குன்றத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. எல்லாருக்கும் தெரிந்த மலை, நினைத்த நேரத்துக்கு பஸ். உச்சியில் காசி விஸ்வநாதர் கோயில், சுனை, சிக்கந்தர் தர்கா எல்லாம் உண்டு. மலையைச் சுற்றி வழக்கும் பந்தோபஸ்துமாகச் செய்தி வந்துகொண்டே இருப்பதால், மேலே விடுகிறார்களா என்று கீழே விசாரித்துவிட்டு ஏறுங்கள். விடாவிட்டாலும் வீணில்லை, தென்பக்கம் சுற்றிப் போனால் தென்பரங்குன்றத்தில் உமையாண்டார் குடைவரை இருக்கிறது. சமணக் குகையாக இருந்து சிவன் கோயிலானது. ஈ காக்கை இருக்காது. வாசலில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம்.

அழகர்மலை வேறு ஜாதி. இது மொட்டைப் பாறை இல்லை, காடு. ஊரிலிருந்து 21 கிலோமீட்டர், கடைசி ஸ்டாப் கோயில் வாசல். அங்கிருந்து பழமுதிர்சோலை வழியாக நூபுர கங்கைக்கு மலைப்பாதையில் நாலு கிலோமீட்டர் போல. கோயில் வண்டி ஓடுகிறது. நாங்கள் போகும்போது நடப்போம், வரும்போது முட்டிக்கு மரியாதை கொடுத்து வண்டியில் இறங்குவோம்.

இந்தப் பாதையில் நடக்கும்போது எனக்கு அழகர் நினைப்புத்தான். சித்திரையில் அவர் மலையை விட்டு வைகைக்கு நடந்து வருவதை ஊரே பார்க்கிறது. ஐப்பசியில் அவரே எதிர்த்திசையில், நூபுர கங்கைக்கு மேலே ஏறிப் போவதைப் பார்க்கிறவர்கள் குறைவு. தைலக்காப்புத் திருவிழா அது. நூபுர கங்கைத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரில் திருமஞ்சனம் செய்தால் திருமேனி கறுத்துவிடும் என்பது நம்பிக்கை. ஆகவே கீழே ஆற்றுக்குப் போனாலும் அவருக்கு மலைத் தண்ணீர்தான். ஆற்றுக்கும் மலைக்கும் நடுவே வருஷா வருஷம் இப்படி அலைகிற சாமியின் ஊரில், இந்த இரண்டையும் சேர்த்து நடப்பது ஒன்றும் புதுசில்லை என்று தோன்றும்.

குரங்குகளைப் பற்றி எச்சரிக்காமல் விட்டால் பாவம். மஞ்சப்பை கையில் இருந்தால் அது உங்களுடையது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடமிருந்து ஒரு டப்பா எலுமிச்சைச் சோறும், மதினியின் கண்ணாடியும் போயிருக்கின்றன. கண்ணாடியை ஒரு பொரிப் பொட்டலம் கொடுத்து மீட்டோம். மலையிறங்கியதும் கோயில் பிரசாதக் கடையில் அழகர்கோயில் தோசை. தடியாக, கறுப்பு உளுந்து வாசத்தோடு, மிளகு கடிபட. டாக்டர் சொன்ன நடையை அது ஒரே வாயில் ரத்து செய்துவிடும். பரவாயில்லை.

அரிட்டாபட்டியில்தான் பாடம் படித்தோம்.

மேலூர் பக்கம், மதுரையிலிருந்து 25 கிலோமீட்டர் போல. மேலூர் ரோட்டில் போகும்போது தூரத்தில் கிரானைட்டுக்காக வெட்டிய குன்றுகள் தெரியும். வெல்லக் கட்டியைக் கத்தியால் அரிந்த மாதிரி சதுரம் சதுரமாக நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே போய் அரிட்டாபட்டியில் இறங்கினால், முழுசாக நிற்கிற ஏழு குன்று. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது இந்த ஊரையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும்தான். 193 ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேல். 250 வகைப் பறவைகள் கணக்கில் இருக்கின்றன. லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு இரண்டும் பாறை இடுக்கில் தங்கும். நாங்கள் பார்த்தது எந்த வல்லூறு என்று எங்களுக்குத் தெரியாது. கல்லை விட்டெறிந்த மாதிரி ஒன்று விழுந்தது, அவ்வளவுதான்.

இந்த ஊர்க்காரர்களிடம் மலையைப் பற்றிக் கேட்டால் மலையைச் சொல்ல மாட்டார்கள், தண்ணீரைச் சொல்வார்கள். எந்தப் பாறையில் விழுகிற மழை எந்த ஓடை வழியாக எந்தக் கண்மாய்க்குப் போகிறது, எது நிறைந்து கலுங்கு பாய்ந்தால் அடுத்தது எது. எழுபதுக்கு மேல் ஏரி குளங்கள், 200 ஊற்றுகள் என்று அரசு அறிவிப்பில் இருக்கிறது. பாண்டியர் கால ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் நின்று பார்த்தால் அந்தக் கணக்கு காகிதத்திலிருந்து இறங்கி முன்னால் வந்து நிற்கும். 2024 கடைசியில் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தபோது இவர்கள் ஏன் அப்படிக் கொதித்தார்கள் என்பதும் அங்கே நின்றால்தான் புரியும். 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை நடந்தே வந்தார்கள். நாங்கள் சர்க்கரைக்கு நடக்கிறோம். அவர்கள் கண்மாய்க்கு நடந்தார்கள். அதே மாதம் ஏலம் ரத்தானது.

குடைவரைச் சிவனைப் பார்த்து, பக்கத்தில் செதுக்கியிருக்கிற லகுலீசரைப் பார்த்து, கழிஞ்சமலைப் படுக்கையில் இளைப்பாறி, நிதானமாக ஊருக்குள் வந்தால் பஸ் போய்விட்டது. அடுத்தது எப்போது என்று கேட்டால் ஒருவர் "இந்தா வந்துரும்" என்றார். இன்னொருவர் "இனி சாயங்காலந்தே" என்றார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்று பிறகு புரிந்தது. முதல் ஆள் சொன்னது ஷேர் ஆட்டோவை. அதுவும் அன்றைக்கு வரவில்லை.

திண்ணையில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, "எங்கிட்டு இருந்து தாயி வாறீக? இந்த வெயில்ல நிக்காதீக" என்று மோர் கொடுத்தார். பிறகு வல்லாளப்பட்டி ரோட்டுக்கு நடந்து போனால் மேலூர் வண்டி கிடைக்கும் என்று வழி காட்டினார். நடந்தோம். மதியம் பன்னிரண்டு மணி வெயில், நிழல் காலுக்கடியிலேயே கிடக்கிறது. மதினி வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். திட்டில் நியாயம் இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் சட்டம் இது. மலையைப் பார்க்குமுன் டீக்கடையைப் பார். "திரும்பப் போக பஸ் எப்ப?" என்று குறைந்தது இரண்டு பேரிடம் கேள், அதில் ஒருவராவது பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்கட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு பஸ் நேரம் துல்லியமாகத் தெரியும். அவர்கள் வாழ்க்கையே அதில்தான் ஓடுகிறது. 'ஹால்ட் வண்டி' எது என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஊரிலேயே தங்கிக் காலையில் முதல் சிங்கிளாக டவுனுக்குக் கிளம்புகிற வண்டி அது. அந்த ராத்திரி வண்டியும் போய்விட்டால் பிறகு யாராவது திண்ணைதான்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, வாஸ்தவம். ஆனால் அவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஏறின இடத்திலேயே இறங்கியாக வேண்டும். பைக்கை நிறுத்தின புளியமரம் அவர்களைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டே இருக்கும். எங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் இறங்கலாம், வழியில் பார்த்த கண்மாய்க் கரையைப் பிடித்து அடுத்த ஊர் வரை போகலாம், ரோடு வருகிற இடத்தில் எந்த பஸ் வருகிறதோ அதில் ஏறலாம். இதை மிக நன்றாகக் கற்றுக்கொடுத்தது கீழக்குயில்குடி.

சமணர் மலை. எத்தனை தடவை போனோம் என்று கணக்கில்லை. காலை வண்டி உங்களை ஊருக்குள் விட்டுவிட்டுத் திரும்பும். வண்டி தவறினாலும் பயமில்லை. நடந்தால் தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டை, அங்கே பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை. அடிவாரத்தில் தாமரைக் குளம், பெரிய ஆலமரங்கள், அய்யனார், கருப்பணசாமி. கருப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறுவது மதினியின் ஒழுங்கு. "அவரு எல்லையில போறோம், சொல்லாமப் போகக் கூடாதுல்ல" என்பார்.

முதலில் மலையின் மறுபக்கம் செட்டிப்புடவு. குகை வாசலில் பெரிய மகாவீரர் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். தடித்த காது, சாந்தமான முகம். ஊர்க்காரர்கள் கண்ணுக்கு அவர் ஒரு செட்டியார். ஆகவே அது செட்டிப்புடவு. உள்ளே கூரை வளைவில் ஐந்து சிற்பங்கள். அதில் சிங்கத்தின் மேல் ஏறி, யானை மேல் வருகிற எதிரியோடு மோதுகிற இயக்கி ஒருத்தி இருக்கிறாள். சாந்த சொரூபிகளுக்கு நடுவில் இவள் மட்டும் வில்லை வளைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை. படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பேன்.

பிறகு கிழக்குப் பக்கமாக வந்து படியேறினால் பேச்சிப்பள்ளம். வற்றாத சுனை, அதற்கு மேல் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், பாகுபலி, பார்சுவநாதர். ஒவ்வொன்றின் கீழும் வட்டெழுத்து, யார் செய்வித்தது என்று. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு. அதில் ஒன்று அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்தது. அச்சணந்தி பெரிய துறவி. மதுரை மலைகள் பலவற்றில் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்த அம்மாதான் மனதில் நிற்கிறார். மகன் துறவியாகி மலை மலையாகப் போய்விட்ட பிறகு, இந்தப் படியில் அந்தத் தாய் ஏறி வந்திருப்பாரா, யாரிடமாவது சொல்லி அனுப்பினாரா? கல்லில் பேர் மட்டும்தான் இருக்கிறது. மதினிக்கு இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் மகன் துபாயில் இருக்கிறான்.

அதற்கும் மேலே போனால் மாதேவிப் பெரும்பள்ளியின் அடித்தளம். கட்டடம் போய்விட்டது, பீடம் மட்டும் பாக்கி. காற்று அள்ளிக்கொண்டு போகும். மழை பெய்த மறுநாள் இந்தப் பக்கம் வராதீர்கள், பாசி வழுக்கும். சித்திரை வைகாசியில் எந்த மலைக்குமே போகாதீர்கள். ஒன்பதரை மணிக்கெல்லாம் பாறை தோசைக்கல். கார்த்திகையிலிருந்து மாசி வரை சரியான காலம். அப்போது மேலிருந்து பார்த்தால் சுற்றிலும் கண்மாய்கள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, வெயில் பட்டுத் தகடு தகடாக. வைகை எங்கே என்று தேடினால் தெரியாது. ஆறு பள்ளத்தில், கட்டடங்களுக்கு நடுவில், பெரும்பாலும் மணலாகக் கிடக்கிறது. ஊரின் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று இங்கிருந்துதான் எனக்குத் தெரிந்தது.

தெரிகிற இன்னொன்று, பஸ். முன்னும் பின்னும் ரோஸ் கலர் அடித்த டவுன் பஸ் ரோட்டில் வருவது மேலிருந்து தீப்பெட்டி மாதிரித் தெரியும். ஊருக்குள் போய், நின்று, டிரைவர் டீ குடித்து, திரும்பி வருவதற்குள் நாங்கள் இறங்கிவிடலாம். மதினி எப்போதும் மஞ்சள் குடை வைத்திருப்பார். போன மாசம் நாங்கள் கொஞ்சம் அசந்துவிட்டோம். பீடத்தின் ஓரம் உட்கார்ந்து முள்ளுமுருங்கை வடையைத் தின்றுகொண்டிருந்தபோது தீப்பெட்டி ஊருக்குள் நுழைவது தெரிந்தது. எழுந்து, குடையை விரித்துப் பிடித்தபடி, படியில் அவர் முன்னாலும் நான் பின்னாலுமாக இறங்கினோம். முட்டி கெஞ்சியது. ஆலமரத்தடிக்கு வந்தபோது வண்டி போயிருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. ஆனால் நின்றுகொண்டிருந்தது, எஞ்சின் உறுமலோடு.

ஏறினோம். மூச்சு வாங்கியதில் வாயே திறக்க முடியவில்லை. கண்டக்டர் இரண்டு கட்டணமில்லா டிக்கெட்டைக் கிழித்து மதினி கையில் கொடுத்தார்.

"மேல மஞ்சக் கொடை எறங்குறது தெரிஞ்சுச்சு. வரட்டும்னு டிரைவர்ண்ணேதான் நிப்பாட்டுனாக" என்றவர், விசிலை வாயில் வைக்குமுன் கேட்டார்: "வடை மிச்சம் இருக்காக்கா?"